கல்லுக்குப் புராணம் தெரியாது
(நசரத்பேட்டையில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



இந்த நசரத்பேட்டை, பூவிருந்தவல்லிப் பக்கத்துப் பூமியில் முதன்முதல் யார் குடியிருந்தார்கள் என்று கேட்டால், நமது புராணிகர் உடனே ஒரு ஸ்தல புராணத்தை அவிழ்த்துவிடுவார். ரிஷி தவம் செய்தார், சாமி காட்சி கொடுத்தார், ஊர் ஏற்பட்டது என்பார். பார்த்தவர் யார் என்று மாத்திரம் நாம் கேட்கக்கூடாது. கேட்டால் நாஸ்திகன்! ஆனால் நமது காலடியில் கிடக்கும் கல்லுக்குப் புராணம் தெரியாது. பொய் சொல்லிப் பிழைக்க வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை.

1863-ம் வருஷம் மே மாதம் 30-ந் தேதி பல்லாவரத்துச் செம்மண் சரளையில், பூகர்ப்ப இலாகாவைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் பூட் என்பவர் ஆதிமனிதன் செதுக்கிய கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். அதே வருஷம் செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் இன்னும் பல கருவிகளைக் கண்டார்கள். அப்பொழுது ஐரோப்பாவிலே பாதிரிமார் பலர் உலகம் உண்டாகி ஆறாயிரம் வருஷந்தான் ஆயிற்று என்று பிரசங்கம் செய்துகொண்டிருந்தார்கள். ஆகவே புளுகுக்கு நம் நாட்டார் மாத்திரம் குத்தகைக்காரர் அல்ல.

1999 முதல் சாந்தி பப்புவும் அவருடைய கூட்டத்தாரும் அத்திரம்பாக்கத்தைத் தோண்டி ஆராய்ந்து, அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் வருஷம் ஆகிறதென்று 2011-ல் வெளியிட்டார்கள். எப்படித் தெரிந்தது? ஆகாயத்திலிருந்து விழும் கதிர்கள் பட்டுக் கல்லுக்குள் அலுமினியம், பெரிலியம் என்ற இரண்டின் அபூர்வ வகைகள் உண்டாகின்றன. கல் ஆழத்தில் புதைந்தபின் அவை குறையத் தொடங்குகின்றன. ஒன்று சீக்கிரம் குறையும், மற்றொன்று மெதுவாகக் குறையும். மிஞ்சியிருப்பதை அளந்தால் புதைந்த காலம் தெரிகிறது. இதற்கு ஞானதிருஷ்டி வேண்டியதில்லை, கணக்குத்தான் வேண்டும்.

அவர்கள் ஏன் இங்கே வந்து தங்கினார்கள்? ஆண்டவன் கட்டளையாலா? அல்லிக்குழி மலைப் பக்கத்தில் குவார்ட்சைட் என்னும் கெட்டிக் கல் உண்டு. ஆறு அதை உருட்டிக் கொண்டுவந்து போட்டது. தண்ணீர் உண்டு, தண்ணீரைத் தேடி மிருகங்களும் வரும். கல், தண்ணீர், இரை மூன்றும் கிட்டத்தில் கிடைத்தால் வேறு காரணம் எதற்கு? அத்திரம்பாக்கத்துக் களிமண்ணில் பெரிய கல் இயற்கையாகக் கிடையாது. வேறிடத்தில் பெரிய சில்லுகளாக உடைத்து, இங்கே சுமந்து வந்து செதுக்கியிருக்கிறார்கள். நாளைக்கு வேண்டுமென்று இன்றைக்கு யோசித்த மூளை அது!

இதைக் கேட்டதும் யுகக் கணக்கு மெய்யாயிற்று என்று வைதிகர் குதிக்கலாம். அவர்கள் தமிழரே என்று நம்மவரில் சிலரும் குதிக்கலாம். இரண்டும் வீண். நம் போன்ற மனித இனத்திற்கே வயது சுமார் மூன்று லட்சம் வருஷந்தான். சாந்தி பப்பு கூட்டத்தார் தோண்டியதில் மனித எலும்பு கிடைக்கவில்லை. அவர்கள் பேசிய பாஷையும் யாருக்கும் தெரியாது.

நெடுங்காலம் கழித்து வேளாண்மை வந்தது. இப்பக்கம் வருஷம் முழுதும் ஓடும் ஆறு கிடையாது. ஐப்பசி கார்த்திகை மழையே கதி. ஆனால் பூமி கிழக்கே மெல்லச் சரிந்திருக்கிறது. குறுக்கே கரை போட்டால் தண்ணீர் நிற்கும். செம்பரம்பாக்கம் ஏரி அப்படி ஏற்பட்டதுதான். ஏரி உள்ள இடத்தில் ஊர் வந்தது. இதுவரை இயற்கை செய்த வேலை.

ஆனால் மதகுக்குச் சொந்தக்காரன் ஒருவன், மண்ணைக் கரையில் சுமந்தவன் வேறொருவன் என்று செய்தது எந்த இயற்கை? செங்கல்பட்டு ஜில்லாவில் மிராசு என்ற பாத்தியதையின் பேரால், தலைமுறையாக உழுத ஆதிதிராவிடருக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாமல் இருந்தது. கலெக்டர் டிரமன்ஹீர் 1891-ல் இதை எழுதிய பிறகே, 1892-ல் அவர்களுக்கு நிலம் கொடுக்க உத்தரவாயிற்று. அதுதான் பஞ்சமி நிலம். அதை மற்றவர்களுக்கு விற்கக்கூடாதென்று நிபந்தனையும் உண்டு. இருந்தும் எவ்வளவோ நிலம் கைமாறிவிட்டது. காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கிளர்ச்சி செய்தபொழுது, 1994 அக்டோபர் 10-ல் செங்கல்பட்டில் போலீசார் சுட்டதில் இரண்டு பேர் மாண்டார்கள்.

15 லட்சம் வருஷத்துக் கல்லின் பட்டா யாரிடமும் இல்லை. பஞ்சமி நிலத்திற்கோ காகிதம் உண்டு. உங்கள் கிராமத்து 'அ' பதிவேட்டையும் பழைய செட்டில்மெண்டுக் கணக்கையும் கேட்டு வாங்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த சர்வே எண்ணில் பெயர் மாறியிருக்கிறதோ, அதை முதலில் குறித்து வையுங்கள்.