பழைய காரின் மேல் ஏன் இந்தப் பாசம்?



ஒரு பொருளின் மேல் வாழ்நாள் முழுக்கப் பற்று வைப்பது பாசமா, வெறும் பிடிவாதமா? இதுதான் இன்றைய கேள்வி. அம்மா தூக்கிப் போட மறுக்கும் ஆட்டுக்கல்லில் தொடங்கி, அப்பா விற்க மறுக்கும் பழைய மோட்டார் சைக்கிள் வரை, இந்தச் சண்டை இல்லாத வீடு குறைவு. சிங்கப்பூரில் கார் என்றாலே சிஓஇ கணக்குத்தான். பத்தாண்டு முடிந்தால் புதுப்பிப்பதா, ஒப்படைப்பதா என்று கணக்குப் போடுகிறோம். அப்படிப்பட்ட ஊரில், ஒரே காரோடு நாற்பது, ஐம்பது ஆண்டு வாழ்ந்தவர்களின் கதை வேடிக்கையாகக்கூடத் தெரியலாம். அந்தக் கதை நடந்த இடம் அமெரிக்கா. கார், ஃபோர்டு மஸ்டாங்.

மஸ்டாங் 1964 ஏப்ரல் 17ஆம் தேதி விற்பனைக்கு வந்தது. ஓராண்டில் ஒரு லட்சம் கார் போனால் போதும் என்று நிறுவனம் எதிர்பார்த்தது. நான்கு லட்சத்துக்கும் மேல் போனது. ஆனால் முதல் கார் விற்றது அந்தத் தேதிக்கு இரண்டு நாள் முன்பே! சிகாகோவில் 22 வயது இளம் ஆசிரியை ஒருவர் கார் வாங்கப் போனார். கடையின் பின்னறையில் மூடி வைத்திருந்த ஒரு வண்டியை விற்பனையாளர் காட்டினார். வான நீல நிறம், மடக்கும் கூரை. ஓட்டிப் பார்க்காமலே வாங்கிவிட்டார். விலை ஏறத்தாழ 3,400 டாலர். அன்றைய ஆசிரியைச் சம்பளத்துக்கு அது பெரிய தொகை. பெற்றோர் கடன் கொடுத்து உதவினார்கள்.

திருமணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள். குடும்பமே அந்தக் காரில்தான் போய் வந்தது. 1979இல் கார் பழுதானது. அடுத்த வாரம் சரி செய்கிறேன் என்று கணவர் கராஜில் நிறுத்தினார். அந்த அடுத்த வாரம் வர 27 ஆண்டுகள் ஆயின! இடத்தை அடைக்கிறதே, தூக்கிப் போடுங்கள் என்று மனைவியே சொல்லிப் பார்த்தார். கணவர் கேட்கவில்லை. பின்னாளில், முதல் மஸ்டாங்கை வாங்கியது தாமே என்று வேறொருவர் சொன்ன செய்தி அவர் கண்ணில் பட்டது. வீட்டிலிருந்த பழைய ரசீதை எடுத்துப் பார்த்தால் தேதி அதற்கும் முந்தியது, ஏப்ரல் 15. அதன் பிறகுதான் கார் பழுது பார்க்கப்பட்டு மீண்டும் சாலைக்கு வந்தது.

இனி, இதைவிடக் கடினமான ஒரு கதை. அறுபதுகளில் அமெரிக்கர்கள் 'மசில் கார்' என்று ஒரு வகையைக் கொண்டாடினார்கள். நடுத்தர அளவு உடம்பு, அதற்குள் பெரிய வி8 இயந்திரம். 1968 மஸ்டாங் ஜிடியில் 390 கன அங்குல இயந்திரம், 325 குதிரைத் திறன். கணினி எதுவும் இல்லை. கார்புரேட்டர், கிளட்ச், கியர், அவ்வளவுதான். எங்கே கோளாறு என்று சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம். கையும் காதும் தெரிந்தவர் வீட்டிலேயே பழுது பார்க்கலாம். சொந்தக்காரருக்கும் காருக்கும் நெருக்கம் ஏற்பட இது ஒரு முக்கியக் காரணம். தானே பல முறை திறந்து பார்த்துச் சரி செய்ததை விடுவதற்கு யாருக்கும் மனம் வராது.

அந்த 1968இல் வந்த படம் 'புல்லிட்'. சான் பிரான்சிஸ்கோவின் மேட்டுச் சாலைகளில் ஸ்டீவ் மெக்குயின் கரும்பச்சை மஸ்டாங்கில் துரத்தும் காட்சி ஏறத்தாழ பதினொரு நிமிடம் ஓடும். படத்தொகுப்புக்காக அந்தப் படம் ஆஸ்கார் விருது பெற்றது. படப்பிடிப்புக்கு இரண்டு மஸ்டாங்குகள் பயன்பட்டன. பள்ளத்தில் பாய்ந்து பாய்ந்து நொறுங்கிய ஒன்று, 2017இல் மெக்சிகோவில் பழைய இரும்புக் கிடங்கிலிருந்து வெளிச்சத்துக்கு வந்தது. மற்றது சிலர் கைமாறி, 1974இல் நியூஜெர்சியில் காப்புறுதித் துறையில் வேலை பார்த்த ஒருவரிடம் வந்து சேர்ந்தது. பத்திரிகை விளம்பரம் பார்த்து 6,000 டாலருக்கு வாங்கினார். காலத்தைக் கவனியுங்கள். 1973 எண்ணெய் நெருக்கடிக்கு அடுத்த ஆண்டு அது. பெரிய இயந்திரக் கார்களை மக்கள் கைவிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு வந்த புதிய மஸ்டாங்கில் வி8 இயந்திரமே கிடையாது!

அவர் அதைக் கண்ணாடிக் கூண்டில் வைக்கவில்லை. ஆசிரியையான மனைவி அதை ஓட்டிக்கொண்டு பள்ளிக்கு வேலைக்குப் போனார். 1977இல் மெக்குயினிடமிருந்தே கடிதம் வந்தது. அந்தக் காரைத் திரும்ப வாங்கிக்கொள்ள விரும்புவதாகவும், பதிலுக்கு வேறொரு மஸ்டாங் தேடித் தர முயல்வதாகவும் எழுதியிருந்தார். கார் கை மாறவில்லை. 1980இல் கிளட்ச் போய் வண்டி நின்றது. அதே ஆண்டு மெக்குயினும் காலமானார். அதன் பிறகு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கார் மறைந்தே இருந்தது. தகப்பனும் மகனும் சேர்ந்து சரி செய்ய ஆசைப்பட்டார்கள். வேலை முடியுமுன், 2014இல் தகப்பன் இறந்தார். மகன் இயந்திரத்தை ஓட வைத்தார். பெயிண்ட் அடிக்கவில்லை, பள்ளங்களை நிரப்பவில்லை. கேமரா பொருத்திய தடயங்களைக்கூட அகற்றவில்லை. 2018இல் டெட்ராய்ட் கண்காட்சியில் உலகம் அதைப் பார்த்தது. 2020 ஜனவரியில் ஃபுளோரிடாவில் நடந்த ஏலத்தில், கட்டணங்களோடு சேர்த்து 37 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்கு விற்கப்பட்டது.

இங்கேதான் பலர் சண்டைக்கு வருவார்கள். பெரிய நட்சத்திரம் கேட்டும் தகப்பன் கொடுக்கவில்லை. மகன் காசுக்கு விற்றுவிட்டானே, இது துரோகம் இல்லையா?

துரோகம் இல்லை என்றே சொல்ல வேண்டும். மெக்குயினுக்கு அது நடித்த படத்தின் நினைவு. அந்தக் குடும்பத்துக்கு அது தினமும் வேலைக்குப் போன வண்டி. தகப்பன் மறுத்தது நியாயம். ஆனால் தகப்பனின் பாசம் மகன் தலையில் கடனாக விழக்கூடாது. மகனுக்கும் குடும்பம் இருக்கிறது, செலவு இருக்கிறது. தகப்பனோடு தொடங்கிய வேலையை முடித்தார், காரின் கதையை ஊரறியச் சொன்னார், அதன் பிறகுதான் விற்றார். இது பொறுப்பான பிரிவு.

அப்படியானால் பாசத்தையும் பிடிவாதத்தையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? கராஜில் துருப்பிடிக்க விட்டுவிட்டு, யாரும் தொடக்கூடாது என்பது பிடிவாதம். பயன்படுத்தி, பராமரித்து, அதன் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வது பாசம். சிகாகோ கணவரும் நெடுங்காலம் பிடிவாதக்காரராகத்தான் இருந்தார். அவரைக் காப்பாற்றியது பத்திரமாக வைத்திருந்த அந்த ரசீது.

ஆகவே நேயர்களே, உங்கள் வீட்டிலும் பல காலமாக ஒரு பொருள் இருக்கலாம். அதை யார் வாங்கினார், எப்போது, எந்தக் கஷ்டத்தில் வாங்கினார் என்று பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லுங்கள். ரசீது இருந்தால் எடுத்துக் காட்டுங்கள். தெரிந்துகொண்ட பிறகு வைத்துக்கொள்வதா, விற்பதா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.