கம்பியைக் கேளுங்கள்



ஒலியைப் பற்றிப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்பது குறித்துச் சில வார்த்தைகள் பேசலாமென்று எண்ணுகிறேன். நான் காலேஜில் படித்தவனல்ல. ஆகவே நான் சொன்னேன் என்பதற்காக எதையும் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. வீட்டிற்குப் போய் ஒரு கம்பியைக் கட்டி மீட்டிப் பார்த்த பிறகு ஒப்புக்கொண்டால் போதும்.

"குரலை உயர்த்திப் பேசு" என்கிறோமே, எது உயர வேண்டும்? உரப்பா, சுருதியா? நம் பேச்சிலேயே இரண்டும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கிறது. எருமை கத்தினால் தெருக்கோடி வரை கேட்கும். ஆனால் சுருதி தாழ்ந்தது. கொசுவின் ரீங்காரம் காதருகில்தான் கேட்கும். ஆனால் சுருதி உயர்ந்தது. பொருள் அதிர்வதனால்தான் ஒலி பிறக்கிறது. அது எவ்வளவு அகலமாக ஆடுகிறது என்பதைப் பொறுத்தது உரப்பு. விநாடிக்கு எத்தனை தடவை ஆடுகிறது என்பதைப் பொறுத்தது சுருதி. மனிதன் காது விநாடிக்குச் சுமார் 20 முதல் 20,000 தடவை வரையுள்ள அதிர்வுகளைக் கேட்கும்.

இதைப் பிள்ளைகள் நெட்டுருப் போட்டால் பரீட்சைக்கு உதவும், புத்திக்கு உதவாது. உபாத்தியாயர் செய்ய வேண்டியது என்ன? மேஜையின் ஒரு கோடியில் ஆணி அடித்து, அதில் மெல்லிய கம்பியைக் கட்டி, மறுகோடியில் தொங்கவிட்டு ஒரு மணல் பையை மாட்டட்டும். கம்பிக்கடியில் இரண்டு மரக்கட்டைகளை வைக்கட்டும். மெதுவாகவும் பலமாகவும் மீட்டினால் உரப்பு மாறும், சுருதி மாறாது. கட்டையை நகர்த்திக் கம்பியின் நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வு இரு மடங்காகி மேல் ஸ்தாயி கேட்கும்.

பிறகு ஒரு கேள்வி கேட்கட்டும்: "நீளத்தைக் குறைக்காமல் அதே மேல் ஸ்தாயி வர எத்தனை மடங்கு எடை வேண்டும்?" பிள்ளைகள் "இரண்டு" என்பார்கள். திருத்தாதீர்கள்! சம எடையுள்ள இரண்டு பைகளை மாட்டச் சொல்லுங்கள், எட்டாது. மூன்று, எட்டாது. நான்கு மாட்டினால்தான் எட்டும்.

"இரண்டு" என்ற பையனை மண்டு என்று திட்டாதீர்கள். பெரிய பண்டிதர்களே அப்படித்தான் இருந்தார்கள். பித்தகோரஸ் கொல்லன் பட்டறை வழியே போனாராம்; 12, 9, 8, 6 என்ற எடையுள்ள சம்மட்டிகளின் ஓசை இசைந்திருந்ததாம்; அதே எடைகளைத் தந்திகளில் தொங்கவிட்டபோதும் அப்படியே கேட்டதாம். இக்கதையைச் சுமார் கி.பி. 100-இல் நிக்கோமாக்கஸ் எழுதினார். 6-ஆம் நூற்றாண்டில் போத்தியஸ் திருப்பி எழுதினார். சம்மட்டியும் அப்படி ஒலிக்காது. தந்தியும் அப்படி ஒலிக்காது. எடை நான்கு மடங்கு வேண்டும் என்று 1589-இல் எழுதியவர் இத்தாலியச் சங்கீதக்காரர் வின்சென்சோ கலிலி. அவருடைய மகன் கலிலியோ, அதிர்வின் எண்ணிக்கைதான் சுருதிக்குக் காரணம் என்று 1638-இல் எழுதினார்.

இடையிலே சுமார் 1,500 வருஷம், தோழர்களே! உலகத்தில் தந்திக்குப் பஞ்சமா, கல்லுக்குப் பஞ்சமா? "மாட்டித்தான் பார்ப்போமே" என்ற எண்ணத்திற்குத்தான் பஞ்சம். பெரியவர் சொன்னார், ஏட்டில் இருக்கிறது என்பதே போதுமென்று இருந்துவிட்டார்கள்.

கம்பிக்குப் பெரியவர் சிறியவர் தெரியாது. பண்டிதர் மீட்டினாலும் பள்ளிப் பையன் மீட்டினாலும் ஒரே பதிலைத்தான் சொல்லும். ஆகையால் உபாத்தியாயர்களே, பையன் கேள்வி கேட்டால் பிரம்பைத் தேடாதீர்கள். கம்பியைத் தேடுங்கள் என்று கேட்டுக்கொண்டு என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.