கையிலே தொழில் இருக்கிறது, சான்றிதழ் எங்கே?

(மாவட்டக் கமிட்டிக் கூட்டத்தில் நமது கல்விப் பிரிவு அமைப்பாளர் ஆற்றிய உரை)



சம்பளப் பேச்சுவார்த்தையைப் பற்றித் தலைவர் சொல்லிவிட்டார். நான் பேச வந்த விஷயமும் சம்பளத்தோடு சேர்ந்ததுதான்.

போன மாதம் எங்கள் டிவிஷனில் இருக்கும் ஒரு அண்ணன் என்னைத் தேடி வந்தார். இருபத்திரண்டு வருஷம் ஸ்டோரில் ரோலர் பக்கம் வேலை செய்தவர். மெஷின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே எந்த பெயாரிங் போகப் போகிறது என்று சொல்லிவிடுவார். மோட்டார் கழற்றிப் பூட்டுவார், வயரிங் செய்வார், வெல்டிங் பிடிப்பார். லயத்தில் கரண்ட் போனால் எல்லோரும் அவரைத்தான் கூப்பிடுவோம். டவுனில் ஒரு ஹோட்டலில் பராமரிப்பு வேலைக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போயிருக்கிறார். "சேர்ட்டிபிகேட் இருக்கா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார்களாம். இல்லை என்றதும், புல் வெட்ட ஆள் வேண்டும், விருப்பம் என்றால் வாருங்கள் என்றிருக்கிறார்கள். "டீச்சர், எனக்கு வேலை தெரியாதுன்னு சொல்லியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்" என்றார்.

அவருக்கு வேலை தெரியும். தெரியும் என்பதைக் காட்ட ஒரு காகிதம் இல்லை. நம் தோட்டங்களில் இப்படி எத்தனை பேர்? மேசன் பாஸ்மார், தச்சு வேலைக்காரர், வாகனம் திருத்துகிறவர்கள், தையல் தெரிந்த அக்காமார், கொழும்பில் ஹோட்டல் குசினியில் பத்து வருஷம் நின்று திரும்பி வந்த தம்பிமார். செக்ரோலில் எல்லோருக்கும் ஒரே பெயர்: தொழிலாளி.

இந்த நாட்டில் என்.வி.கியூ. என்று ஒன்று இருக்கிறது. தேசிய தொழிற்தகைமை. ஒன்றிலிருந்து ஏழு வரை மட்டங்கள். நான்காம் மட்டம் வரை கைத்தொழிலாளருக்கான சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். ஓ.எல். தவறிய பிள்ளையும் கீழ்ப்படியில் ஏறி மேலே போகலாம்.

வேலை ஏற்கெனவே தெரிந்தவர்கள் மறுபடி வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. முன்கற்றலை அங்கீகரித்தல் என்ற முறை இருக்கிறது. ஆர்.பி.எல். என்பார்கள். நைட்டா எனப்படும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை இதைச் செய்கிறது. அனுபவத்துக்கு ஆதாரம் காட்ட வேண்டும். மதிப்பீட்டாளர் கேள்வி கேட்பார், வேலையைச் செய்து காட்டச் சொல்வார். ஏதாவது ஒரு பகுதியில் குறை இருந்தால் அதை மட்டும் பழகிக்கொண்டு மறுபடி போகலாம்.

இதில் நம் ஆட்கள் இரண்டு இடத்தில் தடுக்கி விழுகிறார்கள்.

முதலாவது, சேவைக் கடிதம். "இவர் இத்தனை வருஷம் தொழிலாளியாக வேலை செய்தார்" என்ற கடிதம் போதாது. எந்த மெஷினில், என்ன வேலை, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்று இருக்க வேண்டும். அப்படி எழுதித் தரும்படி தோட்ட நிர்வாகத்தைக் கேளுங்கள். தராவிட்டால் தோட்டக் கமிட்டித் தலைவர் நம் அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். வெளியில் பாஸ் வேலை செய்கிறவர்கள் செய்த வேலையைப் போனில் படம் பிடித்து, திகதியோடு வைத்துக்கொள்ளுங்கள். வேலை கொடுத்தவரிடம் நாலு வரி எழுதி வாங்குங்கள்.

இரண்டாவது, பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், பாடசாலை இடாப்பில் இன்னொரு பெயர். இடாப்பு எழுதுகிறவள் நான், எனக்குத் தெரியும். விண்ணப்பிக்கிற அன்று இதைத் திருத்தப் போனால் அந்த முறை வாய்ப்பு போய்விடும். வீட்டுக்குப் போய் இன்றைக்கே மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஓ.எல். பெறுபேறு வந்ததும் பிள்ளையைக் கொழும்புக் கடைக்கு அனுப்ப அவசரப்படாதீர்கள். 2017இல் ஆரம்பித்த 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தில், ஓ.எல். சித்தியடையாத பிள்ளையும் தொழிற்பாடப் பிரிவில் படிக்கலாம். எல்லாப் பாடசாலையிலும் அந்தப் பிரிவு இல்லை. எங்கே இருக்கிறது என்று வலயக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். தனியார் வகுப்புக்குக் காசு கட்டும் முன், அந்த இடம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்ததா, அந்தப் பாடநெறிக்கு என்.வி.கியூ. கிடைக்குமா என்று விசாரியுங்கள். கலர் கலராகச் சான்றிதழ் அடித்துக் கொடுக்கிறவர்களிடம் நகையை அடகு வைத்து ஏமாந்த குடும்பங்கள் நம்மிடம் உண்டு.

சிலர் என்னிடம் கேட்கிறார்கள்: "பிள்ளைகள் தொழில் படித்தால் தோட்டத்தை விட்டுப் போய்விடுவார்கள். அப்புறம் சங்கத்துக்குச் சந்தா யார் கட்டுவது?" நியாயமான கேள்வி. ஆனால் பிள்ளைகள் இப்போதே போய்க்கொண்டுதானே இருக்கிறார்கள்? கையாளாகப் போகிறார்கள், கையாள் சம்பளத்துக்குப் போகிறார்கள். சான்றிதழோடு போனால் பேரம் பேசலாம். இங்கேயே இருப்பதற்கும் அதுதான் வழி. 2017இல் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகள் என்று அறிவித்தார். வீடு என்றால் மேசன் வேண்டும், தச்சர் வேண்டும், வயரிங் வேண்டும், தண்ணீர்க் குழாய் பூட்ட ஆள் வேண்டும். நம் வீட்டைக் கட்ட வெளியிலிருந்து பாஸ் வந்து, நம் பிள்ளை அவருக்குச் சீமெந்து குழைத்துக் கொடுப்பதா?

அதனால் இந்தக் கூட்டத்தின் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன். மதிப்பீடுகள் தமிழில், நம் மாவட்டத்துக்குள்ளேயே நடக்க வேண்டும். தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி, இது சலுகை கேட்பதல்ல. மதிப்பீட்டுக்குப் போகும் நாளுக்குத் தோட்டத்தில் பேர் போட வேண்டும். சான்றிதழ் பெற்ற தொழிலாளிக்கு அந்தத் தொழிலுக்குரிய சம்பளம் கொடுக்க வேண்டும். கடைசிக் கோரிக்கை இல்லாவிட்டால் சான்றிதழ் சுவரில் தொங்குகிற படம்தான்.

நம் பங்குக்கு ஒரு வேலை. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு கொப்பி போடுங்கள். டிவிஷன் வாரியாக யாருக்கு என்ன தொழில் தெரியும், எத்தனை வருஷம் என்று எழுதுங்கள். பெண்களின் பெயரை விட்டுவிடாதீர்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்தக் கொப்பிகளோடு வாருங்கள். எத்தனை பேருக்கு மதிப்பீடு வேண்டும் என்ற பட்டியலோடு போனால், அதிகாரிகளும் நம்மை வெறும் வாய்ப் பேச்சு என்று திருப்பி அனுப்ப முடியாது.

அந்த அண்ணனின் பெயரை எங்கள் கொப்பியில் முதலாவதாக எழுதிவிட்டேன்.