இழுவண்டியும் அதைப் பிணைக்கும் கொக்கியும்



தமிழகத்திற்கு வெளியே சென்று தொழில் நடத்தும் நம்மவருள் பிக்கப் வண்டி வைத்திருப்போர் பலர். கட்டிட ஒப்பந்தக்காரர்களும், விழாக்களுக்குச் சமையல் ஏற்பவர்களும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் குழுவினரும் அவ்வண்டியின்றி ஒரு நாளும் ஓட்ட இயலாது. சிமெண்டுக் கலவை இயந்திரமோ, மின்னாக்கியோ, காற்றழுத்த இயந்திரமோ, தண்ணீர்த் தொட்டியோ வேலையிடத்திற்குப் போக வேண்டுமானால், அதற்கெனத் தனி லாரி பிடிப்பதைவிடத் தம் வண்டியின் பின்னாலேயே இழுத்துச் செல்வது சிக்கனம் என்று அவர்கள் எண்ணுவது இயல்பே. அவ்வாறு இழுப்பதற்கு வேண்டிய கொக்கியை எவ்வாறு தேர்வது, எவ்வாறு பொருத்துவது என்பதைப் பற்றி இன்று சில கூற விரும்புகிறோம்.

கொக்கி என்பது சிறு பொருள். ஆனால் அதை நம்பித் தொடரும் பாரம் சிறிதன்று. ஆயிரம் கிலோ எடையுள்ள ஓர் இழுவண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்பொழுது அதன்கண் உள்ள ஆற்றல், அதே வண்டியை 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஏறத்தாழ நான்கு மாடிக் கட்டிடத்தின் உச்சியிலிருந்து, கீழே போட்டால் எழும் ஆற்றலுக்குச் சமம். பிணைப்பு அற்றுப்போனால் அவ்வளவு ஆற்றலும், ஓட்டுவார் இன்றி, பிரேக் பிடிப்பார் இன்றிச் சாலையில் தனித்து ஓடும். எதிரே வருபவர் மிதிவண்டிக்காரராகவும் இருக்கலாம். பள்ளிக்கூடம் விட்டுத் திரும்பும் பிள்ளைகளாகவும் இருக்கலாம். ஆகவே, கயிற்றாலும் கம்பியாலும் கட்டிக்கொண்டு, ‘பக்கத்துத் தெரு தானே’ என்று புறப்படும் வழக்கத்தை முதலில் விட்டொழிக்க வேண்டும்.

இயந்திரக் கையேடுகளைத் தமிழாக்கும் பணியில் ஈடுபட்டுள்ள நமக்கு, இத்துறையின் ஆங்கிலச் சொற்கள் வியப்பளிப்பதுண்டு. இழுவண்டியின் முன்னே நீண்டிருக்கும் தண்டை அவர்கள் ‘நாக்கு’ என்பார்கள். அது கொக்கியின்மேல் அமர்த்தும் எடை ‘நாக்கின் எடை’. அச்சொற்றொடரை அப்படியே பெயர்த்தால் தமிழர் எவருக்கும் விளங்காது. ஆனால், நம் மாட்டுவண்டிக்காரரிடம் அக்கருத்துக்கு அருமையான சொற்கள் முன்னரே இருக்கின்றன. நீண்ட தண்டை அவர் ஏர்க்கால் என்பார். சுமை முன்னே மிகுந்து மாட்டின் கழுத்தை அழுத்தினால் முன்பாரம். பின்னே மிகுந்து நுகத்தடி மேலே எழும்பினால் பின்பாரம். பின்பாரம் கண்ட வண்டியில் பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும் என்பதை அவர் அறிவார். அதனால் மூட்டைகளை மாற்றி அடுக்கிவிட்டே புறப்படுவார். அதே அறிவுதான் பிக்கப் வண்டியின் பின்னால் பூட்டும் இழுவண்டிக்கும் தேவைப்படுகிறது.

முதலில் உறுப்புகளைத் தெரிந்துகொள்வோம். வண்டியின் அடிச்சட்டத்தில் நிலையாகப் பொருத்தப்படும் எஃகுக் குறுக்குச் சட்டம் ஒன்று உண்டு. அதன் நடுவே சதுரக் குழாய் வடிவில் ஒரு வாய் இருக்கும். அவ்வாயினுள் செருகி, குறுக்கே ஆணியிட்டு நிறுத்தும் தண்டின் முனையில் உருண்டையான எஃகுக் குண்டு நிற்கும். இழுவண்டியின் ஏர்க்கால் முனையிலுள்ள கிண்ணம் அக்குண்டின்மேல் கவிந்து பூட்டிக்கொள்ளும். இஃது ஒரு முறை. குண்டுக்குப் பதிலாக வளையமும் ஆணியும் கொண்டு பிணைப்பது மற்றொரு முறை. கட்டிட வேலைக்கான இயந்திரங்கள் பலவற்றில் வளையமே காணப்படும். வண்டியில் உள்ளதும் இழுவண்டியில் உள்ளதும் ஒரே இனமாகவும் ஒரே அளவாகவும் இருத்தல் இன்றியமையாதது.

அளவில் ஏற்படும் சிறு வேறுபாடு பெருந்தீங்கு விளைக்கும். உலகின் பல நாடுகளில் வழங்கும் குண்டின் விட்டம் 50 மில்லிமீட்டர். அமெரிக்க முறையில் செய்த குண்டுகளில் ஒன்று 2 அங்குலம், அதாவது 50.8 மில்லிமீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஆயினும் 2 அங்குலக் குண்டுக்கெனச் செய்த கிண்ணத்தில் 50 மில்லிமீட்டர் குண்டு தளர்ந்து ஆடும். சாலையின் ஒவ்வொரு குழியிலும் அது இடித்துக்கொள்ள, தேய்மானம் வளர்ந்துகொண்டே போகும். எனவே கடைக்காரர் ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று சொன்னாலும், குண்டின்மேலும் கிண்ணத்தின்மேலும் பொறித்துள்ள எண்ணைப் பார்த்தே வாங்குக.

இனி, எவ்வளவு வலுவுள்ள கொக்கி வேண்டும் என்ற கேள்வி. இதற்கு விடை கொக்கியில் மட்டும் இல்லை. வண்டி இழுக்கத்தக்க எடை, குறுக்குச் சட்டம் தாங்கும் எடை, செருகு தண்டு தாங்கும் எடை, குண்டு தாங்கும் எடை, கிண்ணம் தாங்கும் எடை ஆகிய ஐந்தையும் எழுதி வைத்துக்கொண்டு, அவற்றுள் எது மிகக் குறைவோ அதனையே எல்லையாகக் கொள்ள வேண்டும். அமெரிக்காவில் கொக்கிகளை வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் வகுப்பு 2,000 பவுண்டு, அதாவது சுமார் 907 கிலோ வரை. இரண்டாம் வகுப்பு 3,500 பவுண்டு, சுமார் 1,588 கிலோ வரை. அதற்கு மேலும் வகுப்புகள் உண்டு. ஆனால் மேல் வகுப்புக் கொக்கியை வாங்கி மாட்டிவிட்டதனால் வண்டியின் ஆற்றல் மிகுந்துவிடாது. வண்டிக் கையேட்டில் 750 கிலோ என்றிருந்தால், எத்துணைத் தடித்த கொக்கியைப் பூட்டினாலும் எல்லை 750 கிலோவே. பிரேக் உள்ள இழுவண்டிக்கும் பிரேக் இல்லாத இழுவண்டிக்கும் கையேட்டில் வெவ்வேறு எடை கொடுத்திருப்பார்கள், அதனையும் நோக்குக.

எடை என்பது வெற்று வண்டியின் எடையன்று. சுமை ஏற்றிய பிறகு உள்ள மொத்த எடை. அதில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு முன்பாரமாகக் கொக்கியின்மேல் அமர வேண்டும் என்பது அமெரிக்க வழக்கம்; ஐரோப்பிய வழக்கில் இது இன்னும் குறைவு. உங்கள் வண்டியின் கையேடு என்ன சொல்கிறதோ அதுவே முடிவானது. ஆயிரம் கிலோ வண்டியானால், அமெரிக்கக் கணக்கின்படி நூறு முதல் நூற்றைம்பது கிலோ முன்பாரம் ஆகும். சமதரையில், சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, கொக்கி நிற்கும் அதே உயரத்தில் ஏர்க்கால் முனையை ஒரு முட்டுக்கட்டையின் வழியாக எடைத் தராசின்மேல் ஊன்றினால், முன்பாரம் எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

முன்பாரம் பிக்கப் வண்டியை எவ்வாறு பாதிக்கிறது என்பதற்கு ஒரு கணக்குச் சொல்வோம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத் தொலைவு 3 மீட்டர். பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் கொக்கி. அதன்மேல் 120 கிலோ என்று கொள்வோம். கிணற்று ஏற்றத்தின் மரத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு தலை தாழ மறு தலை எழும். அவ்வாறே முன் அச்சின் பாரம் 48 கிலோ குறையும்; பின் அச்சின் பாரம் 120 அன்று, 168 கிலோ கூடும். முன் சக்கரங்கள் இலேசானால் திருப்பும்போது பிடிப்புத் தளரும். முகப்பு விளக்கின் ஒளி மேலெழுந்து எதிரே வருபவர் கண்ணைக் கூசச் செய்யும். ஆகவே வண்டியின் தொட்டியில் ஏற்றும் சுமையைக் கணக்கிடும்பொழுது இம்முன்பாரத்தையும் சேர்த்துக் கணக்கிடுவது கடமை.

இதற்கு அஞ்சிப் பின்பாரமாக ஏற்றுவதோ இன்னும் பெரிய கேடு. பின்பாரம் கொண்ட இழுவண்டி, வேகம் ஏற ஏற, பாம்பு நெளிவதுபோல் இடமும் வலமும் வீசத் தொடங்கும். அந்நிலையில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து வேகம் தானே தணிய விடுவதே முறை. திடீரென்று பிரேக்கை மிதித்தாலோ, வீச்சுக்கு எதிராகத் திருப்ப முயன்றாலோ வீச்சு பெருகும். பிறகு ஓரமாக நிறுத்திச் சுமையை முன்னே தள்ளி அடுக்க வேண்டும்.

அடுத்து, பொருத்தும் முறை. பம்பரில் கொக்கி மாட்டுவதைப் பல ஊர்களிலும் காண்கிறோம். பம்பர் மோதலைத் தாங்கவோ அழகுக்காகவோ அமைந்தது. கொக்கி ஏற்பதற்கென்றே தயாரிப்பாளர் செய்து எடையும் குறித்திருந்தாலன்றி, அதில் பூட்டி இழுத்தல் ஆகாது. கொக்கியின் சட்டம் வண்டியின் நீளவாட்டில் ஓடும் இரு அடிச்சட்டங்களோடு இணைய வேண்டும். தயாரிப்பாளரே துளைகள் விட்டிருப்பின் அவற்றையே பயன்படுத்துக. அடிச்சட்டத்தில் கண்ட இடத்தில் துளையிடுவதும், வெல்டிங் வைப்பதும் அதன் உறுதியைக் குலைக்கும். பற்றுவைப்பின் வெப்பம் பட்ட இடத்தை அடுத்து நாளடைவில் விரிசல் காண்பது பட்டறைக்காரர் பலரும் அறிந்ததே.

போல்ட்டின் தலையில் 8.8 என்றோ 10.9 என்றோ எண் பொறித்திருக்கும். முதல் எண் 8 என்றால், குறுக்குப் பரப்பில் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் 800 நியூட்டன், அதாவது சுமார் 80 கிலோ எடைக்கு ஒப்பான இழுப்பு வரை அறாமல் நிற்கும் என்று பொருள். புள்ளிக்குப் பின் வரும் எண், அந்த வலுவில் பத்தில் எத்தனை பங்கு வரை இழுத்தால் போல்ட் நிலையாக நீளாமல் மீளும் என்பதைக் காட்டும். எண்ணில்லாத போல்ட்டைக் கொக்கிக்குப் போடவே கூடாது.

சட்டம் கனமானது, தனியாளாய் அண்ணாந்து படுத்துத் தூக்க முற்படலாகாது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுங்கள். அடியிலுள்ள மாற்றுச் சக்கரத்தைக் கழற்றி, எரிபொருள் குழாய், மின்கம்பி, புகைக்குழாய் ஆகியவை எங்கே ஓடுகின்றன என்று பாருங்கள். அடிச்சட்டத்தில் துருவையும் சேற்றையும் சுரண்டி எடுத்துவிடுங்கள். துருவின்மேல் இறுக்கிய போல்ட், துரு உதிர்ந்ததும் தளரும். ஜாக்கியால் சட்டத்தை உயர்த்தி, எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் கையால் முடுக்கிவிட்டு, இருபுறமும் சமமாக நிற்கிறதா என்று அளந்த பிறகே இறுக்கத் தொடங்க வேண்டும். எவ்வளவு இறுக்குவது என்பது கைப்பழக்கத்திற்கு விடத்தக்கதன்று. கையேட்டில் குறித்த அளவுக்கு டார்க் ரெஞ்ச் என்னும் அளவுகோல் பொருந்திய சாவியால் இறுக்குவதே முறை. இரு தகடுகளும் இறுகப் பற்றி நிற்கும் உராய்வுதான் இழுப்பைத் தாங்குகிறது. இறுக்கம் குறைந்தால் பாரம் போல்ட்டின் தண்டை வெட்டத் தொடங்கும். முதல் ஓட்டம் முடிந்ததும் எல்லாவற்றையும் மறுபடி சோதித்து இறுக்குதல் நன்று.

பூட்டியபின் இழுவண்டி தரைக்கு இணையாக நிற்க வேண்டும். மூக்கு மேலெழுந்தால் முன்பாரம் குறையும். தாழ்ந்தால் மேடு பள்ளங்களில் தரை தட்டும். செருகு தண்டுகளில் மேல் வளைந்ததும் கீழ் வளைந்ததும் கிடைக்கின்றன, உயரத்திற்கேற்பத் தேர்ந்துகொள்ளலாம்.

கொக்கி எவ்வளவு நல்லதாயினும் அதற்குத் துணையாக இரண்டு காப்புச் சங்கிலிகள் வேண்டும். அவற்றை ஏர்க்காலின் அடியில் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக மாட்டினால், கொக்கி விட்டுப்போனாலும் ஏர்க்கால் தரையில் குத்தாமல் அச்சங்கிலித் தொட்டிலில் விழும். திரும்புவதற்கு இடம் தரும் அளவு தளர்வு போதும், தரையில் உரசக்கூடாது. கிண்ணம் பூட்டிக்கொண்டதா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. ஏர்க்காலின் ஜாக்கியைச் சற்றே உயர்த்துங்கள். வண்டியின் பின்புறமும் உடன் எழுந்தால் பூட்டு விழுந்தது. கிண்ணம் மட்டும் எழுந்தால் விழவில்லை.

விளக்குகளை ஏனோ பலர் கடைசியாகவே நினைக்கிறார்கள். இழுவண்டி உங்கள் வண்டியின் பின்விளக்குகளை மறைத்துவிடுகிறது. ஆகவே வால்விளக்கு, பிரேக் விளக்கு, திரும்பும் விளக்கு மூன்றும் இழுவண்டியிலும் எரிய வேண்டும். மின் இணைப்பில் தரைக்கம்பியைத் தனியாக இழுத்துத் தர வேண்டும். கொக்கியின் இரும்பையே தரைக்கம்பியாக நம்பினால் விளக்குகள் விட்டுவிட்டு எரியும். தில்லி, அரியானா, பஞ்சாப், உத்தரப் பிரதேசம் ஆகிய பகுதிகளில் வாழும் நேயர்களுக்கு இதனை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். மார்கழி, தை மாதங்களில் அங்கே இறங்கும் மூடுபனி நம் ஊர்ப் பனியன்று. சில கஜ தூரத்தில் நிற்கும் வண்டியும் தெரியாது. விளக்கற்ற இழுவண்டி அப்பனியில் சாலையின் நடுவே எழுப்பிய சுவருக்கு ஒப்பாகும். ஒளி பட்டு மின்னும் சிவப்புப் பட்டைகளைப் பின்புறம் ஒட்டுவது சிறு செலவு. அதனால் காக்கப்படும் உயிருக்கு விலையில்லை.

சட்டத்தைப் பற்றியும் இரண்டொரு சொல். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி இழுவண்டியும் மோட்டார் வாகனம் என்ற சொல்லில் அடங்கும். எனவே அதற்கும் பதிவு, காப்பீடு ஆகியவை குறித்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்துகொள்க. அச்சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது; ஆகையால் கொக்கி பொருத்துமுன் அதே அலுவலகத்தில் கேட்பதும், தயாரிப்பாளர் ஒப்பிய கொக்கியையே தேர்வதும் அறிவுடைமை. 47-ஆம் பிரிவு நம்மவருக்கு நேராகவே பொருந்துவது. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியைப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வேறொரு மாநிலத்தில் வைத்திருந்தால், அங்கே புதிய பதிவு எண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று அது கூறுகிறது. தாள்கள் ஒழுங்காக இல்லாவிடில், விபத்து நேர்ந்த நாளில் இழப்பீடு பெறுவதும் தருவதும் பெருந்தொல்லையாகிவிடும்.

கட்டிட வேலைக்கான கலவை இயந்திரங்கள் பலவற்றில் வில் கிடையாது, விளக்கும் கிடையாது. அவை வேலையிடத்திற்குள் மெல்ல நகர்த்துவதற்கென அமைந்தவை. நெடுஞ்சாலை வேகத்திற்கு உரியவை அல்ல. தொலைவு மிகுதியானால் அவற்றை லாரியில் ஏற்றி அனுப்புவதே முறை. எந்த இழுவண்டியிலும் வேலையாட்களை ஏற்றிச் செல்லலாகாது. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த அவர்களின் உயிர், ஒப்பந்தக்காரரின் பொறுப்பில் இருக்கிறது. ஒருவேளைப் பயணத்தில் மிச்சமாகும் வாடகையை அதற்கு ஈடாக எவரும் எண்ணமாட்டார்.

ஒவ்வொரு முறை புறப்படும்பொழுதும் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். செருகு தண்டின் ஆணி, கிண்ணத்தின் பூட்டு, இரு சங்கிலிகள், விளக்குகள், சக்கரங்களின் காற்று, சுமையின் கட்டு என்ற வரிசையில் பார்க்க ஐந்து நிமிடம் போதும். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் சென்றபின் நிறுத்தி மீண்டும் ஒருமுறை பாருங்கள். புதிதாகக் கட்டிய சுமையும் புதிதாக இறுக்கிய போல்ட்டும் அத்தொலைவுக்குள் தம் குறையைக் காட்டிவிடும்.