சருகுக்குள்ளே கிடந்தது
(மாதக் கூட்டத்தில் பேசியது)



தெனியாயப் பக்கம், சிங்கராஜக் காட்டோரமாக நம் இளைஞர்களோடு முகாம் போட்டிருந்தோம். இரண்டாம் நாள் விடிய, தம்பி ஒருவர் வெறுங்காலோடு சுள்ளி பொறுக்கப் போனார். "அண்ணே, என்னமோ கடிச்சிட்டுது!" என்று சத்தம். ஓடினோம். சருகு நிறத்திலேயே, ஒரு முழம்கூட இராது, சுருண்டு கிடந்தது. முக்கோணத் தலை, மேலே தூக்கிய மூக்கு. சிங்களத்தில் பொலொன் தெலிஸ்ஸா என்பார்கள். தேயிலை மலையிலும் இருக்கிற சின்ன விரியன்தான்.

ஒருவர் பிளேடு தேடினார். கயிற்றைக் கையில் எடுத்தது நாங்கள்தான், மறைக்கவில்லை. சமைக்க வந்த அக்கா, "கட்டாதீங்க, வெட்டாதீங்க, புள்ளைய நடக்க விடாதீங்க" என்று தடுத்தார். காலை அசையாமல் வைத்து, தூக்கிக்கொண்டு வேனில் ஏற்றினோம்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்து, குழாயில் இருபது நிமிடம் வைத்து, உறைகிறதா என்று பார்த்தார்கள். நாகத்துக்கும் கண்ணாடி விரியனுக்கும் ஏற்றும் விஷமுறிவு மருந்து இதற்குக் கேட்காதாம். அப்படியென்றால் ஆஸ்பத்திரி எதற்கு என்று கேட்பீர்கள். பலருக்கு வீக்கத்தோடு போய்விடும். சிலருக்குச் சிறுநீரகம் கெட்டுவிடும், உயிரே போனதும் உண்டு. யாருக்கு எது என்று லயத்தில் இருந்துகொண்டு சொல்ல முடியாது. பாம்பை அடித்துக் கொண்டுபோகவும் தேவையில்லை, தேடப்போய் இன்னொருவர் கடி வாங்குவார்.

தம்பி ஐந்தாம் நாள் வீடு வந்தார். இப்போது இருட்டினால் பீலிக்குக்கூட டோர்ச்சும் சப்பாத்தும் இல்லாமல் போவதில்லை.