கடாரத்துத் தோட்டப் பாதைகளில் ஓடுதல்



இவ்வரிசையில் ஓட்டத்தைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றபோது நண்பர்கள் சிலர் நகைத்தனர். இலக்கணமும் இலக்கியமும் ஆராயப்பட்ட மேடையில் காலணிக்கும் வியர்வைக்கும் என்ன வேலை என்று கேட்டனர். நியாயமான கேள்விதான். ஆயினும் கெடா மாநிலத்தில், பீடோங்கிலிருந்து செமிலிங் வழியாக மெர்போக் வரை ஞாயிறுதோறும் ஓடிப் பழகிய எங்களுக்கு, அந்தப் பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டியதை ஒரு மொழி மன்றத்தில் சொல்வதே பொருத்தம் என்று தோன்றியது. ஏன் என்பது போகப் போக விளங்கும்.

காலை ஆறரை மணிக்குப் பீடோங்கில் இன்னும் இருள் பிரிந்திராது. மரம் வெட்டப் போனவர்களுக்குப் பெரட்டு முடிந்து, நிரைக்குள் நுழைந்து, பல மரம் கடந்துவிட்ட நேரம் அது. இன்று அந்த நிரைகள் இல்லை. ரப்பர் நின்ற நிலங்களில் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. மேற்கு நோக்கி ஓடத் தொடங்கினால் வலப்புறம் ஜெராய் மலை கூடவே வரும். 1,217 மீட்டர் உயரமுள்ள அம்மலை, சமவெளியிலிருந்து திடீரென எழுவதால் இருக்கும் உயரத்தினும் பெரிதாகத் தெரியும். இடப்புறம், கண்ணுக்கு எட்டாத தொலைவில், மெர்போக் ஆறும் அதன் கண்டல் காடுகளும். பண்டைய மாலுமிகளுக்கு வங்கக் கடலைக் கடந்து வருகையில் கரையைக் காட்டிய அடையாளம் அம்மலை. கலம் ஒதுங்க இடம் கொடுத்தது அவ்வாறு. இவ்விரண்டுக்கும் நடுவே ஓடுகிறவர் வரலாற்று நூலைத் திறக்காமலே கடாரம் ஏன் இங்கே எழுந்தது என்பதைத் தெரிந்துகொள்வார்.

முதலில் வருவது சுங்கை பத்து. பெயரின் பொருள் கல்லாறு. 2009ஆம் ஆண்டளவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொல்லியலாளர்கள் இங்குள்ள செம்பனைத் தோட்டத்து மேடுகளை அகழத் தொடங்கினர். இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களும், உலைக்குக் காற்று செலுத்திய சுடுமண் குழாய்களும், குவியல் குவியலாக இரும்புக் கசடும், ஆற்றங்கரைத் துறை எனக் கருதப்படும் செங்கற் கட்டடங்களும் வெளிப்பட்டன. அதன் தொடக்கக் காலத்தைப் பற்றி அறிஞரிடையே இன்னும் வழக்கு ஓயவில்லை. கிறித்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளுக்குக் கொண்டுசெல்வோரும் உளர், அதை மறுப்போரும் உளர். எவ்வாறாயினும் இராசேந்திர சோழனின் கப்பல்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கு உலைகள் எரிந்துகொண்டிருந்தன என்பதில் ஐயமில்லை.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடாரம் என்றதும் நம்மவர் நினைவு 1025ஆம் ஆண்டில் போய் நின்றுவிடுகிறது. தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டில் உள்ள மெய்க்கீர்த்தி, கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனைச் சோழன் வென்றதைச் சொல்கிறது; கடாரங்கொண்டான் என்ற பட்டப்பெயரும் நமக்குத் தெரியும். அதற்கு இருபது ஆண்டுகள்கூட முந்தாத மற்றொரு செய்தியை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. கடாரத்து மன்னன் நாகப்பட்டினத்தில் சூளாமணி விகாரம் எழுப்ப, முதலாம் இராசராசன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைப் பள்ளிச்சந்தமாக வழங்கினான். இன்று இலெய்டன் செப்பேடு என்று வழங்கும் ஏடு அதைப் பதிந்து வைத்திருக்கிறது. சங்க நூலாகிய பட்டினப்பாலையில் வரும் காழகம் கடாரமே என்று பழைய உரைகாரர் கொண்டனர். வாளோடு வந்த ஓராண்டை விட, சரக்கோடும் சமயத்தோடும் வந்து போன ஆண்டுகள் எண்ணிக்கையில் மிகுதி. பள்ளத்தாக்கில் கிடைத்த கோவில் எச்சங்கள் அனைத்தையும் சோழன் கட்டியவை என்று பேருந்துப் பயணிகளுக்குச் சொல்லும் வழக்கம் சிலரிடம் உண்டு. எங்களோடு ஓட வரும் இளைஞர்களிடம் அப்படிச் சொல்ல வேண்டா என்று கேட்டுக்கொள்கிறோம். உண்மையே போதுமான அளவு பெருமை தருவது.

செமிலிங்கைக் கடந்து மெர்போக்கை அடைந்தால் பாதை மலையடிவாரத்தை நோக்கி ஏறும். கடைசி ஏற்றத்தில் பேச்சு நின்றுவிடும். அங்கே, சின்ன மெர்போக் என்னும் ஓடையின் அருகே, புக்கிட் பத்து பகாட் சண்டி இருக்கிறது. பகாட் என்றால் உளி. உளிபட்ட கற்குன்று என்று பெயர்க்கலாம். 1936-37ஆம் ஆண்டுகளில் குவாரிச் வேல்சும் அவர் துணைவியார் டோரத்தியும் இப்பள்ளத்தாக்கில் பல இடங்களை எண்ணிட்டு அகழ்ந்தனர். இது அவர்கள் பட்டியலில் எட்டாவது. பின்னர் அலஸ்டர் லாம்ப் இதை முழுமையாக ஆராய்ந்தார்; 1960ஆம் ஆண்டளவில் கற்கள் மீண்டும் அடுக்கப்பட்டன. கருவறையும் முன் மண்டபமும் தெளிவாகத் தெரியும். மண்டபத்தில் தூண்கள் இல்லை; தூண்களைத் தாங்கிய வட்டக் கற்கள் மட்டும் உள்ளன. மரத்தூணும் கூரையும் என்றோ மக்கிப் போயின. மூச்சிரைக்க வந்து நிற்பவருக்கு அந்தக் கல்வட்டங்களைப் பார்க்கையில் ஒன்று விளங்கும்: தென்னாட்டுக் கோவில் அமைப்பு இங்கே வந்து, இந்நாட்டு மழைக்கும் மரத்துக்கும் ஏற்ப உருமாறியிருக்கிறது. அருகில் 1980இல் திறக்கப்பட்ட தொல்பொருள் அருங்காட்சியகத்தில், வேறிடங்களிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்த சண்டிகளும் உள்ளன. பெங்காலான் பூஜாங்கில் கிடைத்த சீனப் பீங்கான் ஓடுகளையும் பாசிமணிகளையும் அங்கே காணலாம். ஓடி வந்த களைப்பில் குளிரூட்டிய அறையைத் தேடி உள்ளே போய், மணிகளில் மயங்கி இரண்டு மணிநேரம் நின்றவரும் எங்களில் உண்டு.

உலகில் பிற இடங்களில் இத்தகைய ஓட்டங்கள் வேரூன்றிவிட்டன. கிரேக்கத்தில் மராத்தானிலிருந்து ஏதென்சுக்கு ஓடுகிறவர்கள் வழியில் கி.மு. 490இல் மாண்ட வீரர்களின் மண்மேட்டைச் சுற்றி வருகிறார்கள். அங்கோர் வாட்டில் 1996 முதல் அரை மராத்தான் நடக்கிறது. அவற்றைக் கண்டு நாமும் ஒரு பந்தயம் வைக்கலாமே என்று கேட்போர் உளர். எங்களுக்கு அதில் பெரிய ஆவல் இல்லை. பந்தயம் ஆண்டில் ஒரு நாள். அன்று வருகிறவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். எங்களுக்கு வேண்டியது ஆண்டு முழுதும் காலடி படும் பாதை.

அதற்கான காரணம் பதினோராம் எண். வேல்சின் பட்டியலில் பதினோராவது இடம் சுங்கை பத்து தோட்டத்தில், தனியார் நிலத்தில் இருந்தது. அந்நிலத்தில் மேம்பாட்டுப் பணி நடந்தபோது அந்தச் சண்டி இடிக்கப்பட்டது. 2013 டிசம்பரில் அச்செய்தி நாடெங்கும் பரவியது; அதை வெளிக்கொணர்ந்தவர்களுள் முதன்மையானவர், பூஜாங் பள்ளத்தாக்கைப் பற்றி நூல் எழுதிய டத்தோ வி. நடராஜன் அவர்கள். 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் இருந்தும், அந்த இடம் அதன்கீழ் அறிவிக்கப்பட்டிருக்கவில்லை. சட்டத்தின் குறையைப் பலர் பேசினர், பேச வேண்டியதுதான். எங்களைத் தைத்தது வேறு. இடித்துத் தள்ளும் இயந்திரம் ஓசையின்றி வேலை செய்வதில்லை. அந்த ஓசையைக் கேட்டு, இது என்ன என்று நின்று கேட்கும் மனிதர் அவ்வழியே அன்று போகவில்லை. லயங்களில் மக்கள் நிறைந்திருந்த காலமாயின் அரை நாளில் தோட்டம் முழுதும் தெரிந்திருக்கும். ஆர்வட் தோட்டத்தை மையமாகக் கொண்டு 1946-47இல் தொண்டர் படையினர் கள்ளுக்கு எதிராக அணிதிரண்ட வட்டாரம் இது. செய்தி பரவுவதற்குக் கால்களே போதுமாயிருந்த வட்டாரம். லயங்கள் ஒழிந்து, மக்கள் பட்டணத்துத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த பின் அந்த மேடுகளுக்குச் சாட்சிகள் இல்லாமற் போயினர்.

நம் பங்கையும் மறைக்கலாகாது. எங்கள் ஓட்டத்தின் நடுவே தேநீர் அருந்தும் கடையில் ஒரு பெரியவரோடு பழக்கமாயிற்று. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். தாம் வெட்டிய இடத்துக்குச் செங்கல் நிரை என்று பெயர் என்றார். மர வேர்கள் மண்ணைப் பிளந்து பழைய செங்கற்களை மேலே தள்ளுமாம். அவற்றைக் கொண்டுவந்து லயத்தில் அடுப்புக்கு முட்டுக்கொடுத்தார்களாம். "தப்புன்னு அப்ப தெரியாது ஐயா. ஆனா அதும்மேல உட்கார மாட்டோம். சாமி இருந்த எடம்னு அம்மா சொல்லும்" என்றார். கற்றவர் எவரும் சொல்லாமலே, அது வழிபாட்டிடம் என்பதை அந்தத் தாய் அறிந்திருந்தார்.

இங்கேதான் எங்கள் விண்ணப்பம் இந்த மன்றத்தை நோக்கித் திரும்புகிறது. செங்கல் நிரை என்ற பெயர் எந்த வரைபடத்திலும் இல்லை. இத்தகைய பெயர்கள், ஓடை, மேடு, வளைவு, கோவில் மரம் ஒவ்வொன்றுக்கும் தோட்டத்து மக்கள் இட்ட பெயர்கள், எழுபது எண்பது வயதைக் கடந்தோரின் நாவில் மட்டும் உள்ளன. சொல்லாக்கத்துக்குக் குழு அமைக்கும் நாம், ஆக்கி வைத்த சொற்களைச் சேர்க்கவும் ஒரு குழு அமைக்கலாகாதா? தொல்லியலாளருக்கும் இவை பயன்படும். ஏனெனில் செங்கல் என்று பெயர் பெற்ற நிரையில் செங்கல் இருந்தது.

அப்பெரியவரை ஒருநாள் வண்டியில் அழைத்துச் சென்றோம். தோட்ட நிருவாகத்தின் அனுமதி பெற்றே உள்ளே போனோம். அனுமதியின்றி யாரும் போக வேண்டா. சிறு பாலத்தில் நின்று வரிசைகளை எண்ணினார். மூன்று முறை எண்ணியும் கணக்கு ஒத்து வரவில்லை. ரப்பருக்கு இட்ட இடைவெளி வேறு, செம்பனைக்கு இட்ட இடைவெளி வேறு. பிறகு எண்ணுவதை விட்டு ஜெராய் மலையைப் பார்த்தார். மலை முகட்டையும் ஓடையின் திருப்பத்தையும் ஒத்துப் பார்த்து, வெட்டிப் போட்ட மட்டைகளுக்கு மேல் நடந்து போய் ஓரிடத்தில் நின்றார். நிலம் அங்கே முழங்கால் உயரம் மேடிட்டிருந்தது. நாங்கள் எதையும் தோண்டவில்லை, இடத்தைக் குறித்துக்கொண்டோம்.

அடுத்த ஞாயிறும் ஆறரை மணிக்குப் பீடோங்கிலிருந்து புறப்படுகிறோம். ஓட இயலாதவர்கள் நடக்கலாம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தாய் தந்தையர் வீட்டில் இருந்தால், அவர்களை வண்டியில் செமிலிங் வரை அழைத்து வாருங்கள். ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் எங்களிடம் இருக்கும். நாய்கள் உண்டு, கையில் சிறு கழி இருப்பது நல்லது.