சின்ன இஞ்சினும் பெரிய சத்தமும்

(மூத்த உறுப்பினர்களின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

இந்த மேடையில் வழக்கமாக உபன்யாசமும் ஆரோக்கியக் குறிப்புகளும்தான் நடக்கும். இன்று ஒரு மாறுதலுக்கு ரயில் பொம்மையைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். "இந்த வயதில் பொம்மையா?" என்று என் சம்பந்தியே கேட்டார். நவராத்திரிக்குப் படி கட்டி வருஷா வருஷம் பொம்மை வைக்கிற நாமா இந்தக் கேள்வியைக் கேட்பது என்று சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நம்மில் பலருக்கு ரயில் பொம்மை என்றதும் நினைவுக்கு வருவது, சாவி கொடுத்தால் ஓடும் ஹார்ன்பி தகர ரயில்தான். அது ஓ கேஜ், தண்டவாள இடைவெளி 32 மி.மீ. தண்டவாளத்துக்கு இன்ன அளவுதான் என்று முறை வகுத்தது ஜெர்மனியின் மெர்க்லின் கம்பெனி. 1891ல் லைப்ஸிக் சந்தையில் இதைக் கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகுதான் ஒருவர் வாங்கிய தண்டவாளத்தில் அடுத்த வருஷம் வாங்கிய வண்டியும் ஓடும் என்ற நிச்சயம் வந்தது.

கேஜ் வேறு, ஸ்கேல் வேறு. கேஜ் என்பது இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி. ஸ்கேல் என்பது நிஜத்தில் எத்தனையில் ஒரு பங்கு என்பது. உலகில் அதிகம் பேர் வைத்திருப்பது ஹெச்.ஓ., அதாவது ஓ அளவில் பாதி. 87ல் ஒரு பங்கு, தண்டவாளம் 16.5 மி.மீ. 16.5ஐ 87ஆல் பெருக்கினால் 1435 வரும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள ஸ்டாண்டர்ட் கேஜ் இதே 1435 மி.மீ. கணக்கு சரியாக இருக்கிறது. பிரிட்டிஷ்காரர்கள் மட்டும் வேறு வழி போனார்கள். அவர்களுடைய நிஜ இஞ்சின்கள் உருவத்தில் சின்னவை. அந்தக் காலத்து மோட்டார் உள்ளே அடங்கவில்லை. அதனால் உடலை 76ல் ஒரு பங்காகச் சற்றுப் பெரிதாக்கி, தண்டவாளத்தை 16.5 மி.மீ. ஆகவே விட்டுவிட்டார்கள். இதுதான் டபுள் ஓ. 1938ல் வந்த ஹார்ன்பி டப்ளோ இந்த வகை. பெரிய சரீரம், ஒடுங்கிய கால். இன்றுவரை அப்படியே நடக்கிறது.

நமக்கும் அதே சங்கடம் வேறு ரூபத்தில். இந்திய பிராட் கேஜ் 1676 மி.மீ. ஹெச்.ஓ. கணக்கில் 19 மி.மீ.க்குச் சற்று மேல் வர வேண்டும். கடையில் கிடைப்பதோ 16.5. ஆக, நம் ஊர் இஞ்சினை மாடலாகச் செய்கிறவர்கள் ஏறத்தாழ எல்லோருமே மூன்று மி.மீ. குறுகலான பாதையில்தான் ஓட்டுகிறார்கள். தனித் தண்டவாளம் கையால் போடுகிறவர்கள் வெகு சிலர். இதைப் பெரிய குறையாக நான் நினைக்கவில்லை. பக்கவாட்டில் பார்க்கும்போது தெரியாது, எதிரே வரும்போதுதான் தெரியும்.

ஹெச்.ஓ.வுக்குக் கீழே என் ஸ்கேல் இருக்கிறது. 160ல் ஒரு பங்கு, தண்டவாளம் 9 மி.மீ. அதற்கும் கீழே 220ல் ஒரு பங்காக இஸட். இதையும் மெர்க்லின்தான் 1972ல் கொண்டு வந்தது. நம் பழைய டீசல் இஞ்சின் டபிள்யூ.டி.எம்.2 பஃபரிலிருந்து பஃபர்வரை சுமார் 17.1 மீட்டர். ஹெச்.ஓ.வில் அது 20 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு, என் ஸ்கேலில் 11 செ.மீ. ஃபிளாட்டில் இருப்பவர்கள் எதை வாங்குவது என்று கேட்டால், கண் நன்றாகத் தெரிந்தால் என், இல்லாவிட்டால் ஹெச்.ஓ. என்பேன். கைநடுக்கம் இருந்தாலும் ஹெச்.ஓ.தான். 9 மி.மீ. தண்டவாளத்தில் சக்கரத்தை ஏற்றி வைப்பது ஊசியில் நூல் கோர்ப்பது போல.

ஸ்கேலில் நீளம் மட்டும் ஒழுங்காகக் குறைகிறது, மற்றவை அப்படிக் குறைவதில்லை. பி.எஸ்ஸி. படித்த புத்தி இங்கேதான் ரசிக்கிறது. நம் ரயில்வேயில் பிராட் கேஜுக்கு அனுமதித்த மிகக் கடுமையான வளைவு 10 டிகிரி, அதாவது ஆரம் 175 மீட்டர். ஹெச்.ஓ.வில் அதுவே இரண்டு மீட்டர். வட்டம் போட்டால் ஹால் முழுவதும் போய்விடும். வீட்டில் எட்டுக்கு நான்கு பிளைவுட் பலகையில் போடுகிற வளைவோ 18 அங்குல ஆரம். நிஜத்தில் அது 40 மீட்டர். எந்தப் பெட்டியும் அதில் திரும்பாது. 24 பெட்டி ரயிலை முழுசாகச் செய்தால் ஆறரை மீட்டருக்கு மேல் நீளம். அதனால் ஐந்தாறு பெட்டியோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

எடை கதை இன்னும் சுவாரஸ்யம். எடை கனத்தின் கணக்கில், அதாவது 87ஐ மூன்று முறை பெருக்கிய அளவில் குறையும். சுமார் 113 டன் டபிள்யூ.டி.எம்.2 ஹெச்.ஓ.வில் 170 கிராம்தான் இருக்க வேண்டும். அத்தனை லேசாக இருந்தால் சக்கரம் வழுக்கும் என்று உள்ளே உலோகம் வைத்துக் கனமாக்குகிறார்கள். அப்படியும் அதற்கு உந்தம் என்று ஒன்று கிடையாது. மின்சாரத்தை நிறுத்தினால் அந்த இடத்திலேயே நின்றுவிடும். நிஜ ரயில் பிரேக் போட்டு ஒரு கிலோமீட்டர் ஓடி நிற்பது போல் இது நிற்க வேண்டுமென்றால், யாராவது அதற்கு நடிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். அந்த வேலையைத்தான் டி.சி.சி. என்ற டிஜிட்டல் முறை செய்கிறது.

பழைய முறையில் தண்டவாளத்தில் 12 வோல்ட் டி.சி., கூட்டினால் வேகம், குறைத்தால் மெதுவு. ஒரே பாதையில் இரண்டு இஞ்சின் வைத்தால் இரண்டும் சேர்ந்து ஓடும். டி.சி.சி.யில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். அதன் துருவம் வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை மாறிக்கொண்டே இருக்கும். ஒரு பாதி 58 மைக்ரோ வினாடி நீடித்தால் அது ஒன்று. 100 மைக்ரோ வினாடியோ அதற்கு மேலோ நீடித்தால் அது பூஜ்யம். இந்த ஒன்றும் பூஜ்யமும் சேர்ந்து முகவரியாகவும் கட்டளையாகவும் போகின்றன. கல்யாண மண்டபத்தில் மைக்கில் "மாப்பிள்ளையின் அத்திம்பேர் மேடைக்கு வரவும்" என்று சொன்னால் எல்லோர் காதிலும் விழுகிறது. எழுந்து போகிறவர் அத்திம்பேர் ஒருவர்தான். அதே மாதிரி எல்லா இஞ்சினும் எல்லாக் கட்டளையையும் கேட்கும், தன் எண்ணுக்கு வந்ததை மட்டும் செய்யும். கடைசியில் ஒரு சரிபார்ப்பு எண் வரும். அது ஒத்துப்போகாவிட்டால் கட்டளையைத் தூக்கிப் போட்டுவிடும்.

இதற்கு அடித்தளம் போட்டவர் ஜெர்மனியின் பெர்ன்ட் லென்ஸ், 1980களில். அமெரிக்காவில் 1935 முதல் இயங்கும் தேசிய மாடல் ரயில் சங்கம் 1990களின் நடுவில் இதைப் பொதுத் தரமாக ஏற்றுக்கொண்டது. அதனால்தான் ஒரு கம்பெனியின் கன்ட்ரோலரால் இன்னொரு கம்பெனியின் இஞ்சினை ஓட்ட முடிகிறது. இஞ்சினுக்குள் இருக்கும் டிகோடரில் சி.வி. என்று எண்ணிட்ட அறைகள் உண்டு. ஒன்றாம் அறையில் முகவரி, கம்பெனியிலிருந்து வரும்போது 3 என்று இருக்கும். மூன்றாம் அறை வேகம் பிடிக்க எடுக்கும் நேரம், நான்காம் அறை நிற்க எடுக்கும் நேரம். இந்த இரண்டிலும் எண்ணைக் கூட்டினால் 400 கிராம் பொம்மை 113 டன்னாக நடிக்கத் தொடங்கிவிடும்.

இனி சத்தம். நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்ததே இதைத்தான்.

டபிள்யூ.டி.எம்.2 அமெரிக்க ஆல்கோ கம்பெனியின் வடிவமைப்பு. 1962ல் அங்கிருந்து முதல் வண்டிகள் வந்தன. 1964 முதல் வாராணசியில் நாமே செய்தோம். தாய்க் கம்பெனி 1969ல் மூடப்பட்டது. மகள் புக்ககத்தில் இன்னும் பல பத்தாண்டுகள் ஜீவித்தாள். அதன் இஞ்சினில் 16 சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக். இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும். ஐடிலில் நிமிஷத்துக்கு 400 சுற்று என்றால் வினாடிக்கு 53 வெடி. முழு வேகம் 1000 சுற்றில் 133. பிறகு 1999ல் வந்த ஜெனரல் மோட்டார்ஸ் வகை டபிள்யூ.டி.ஜி.4 இரண்டு ஸ்ட்ரோக். அதிலும் 16 சிலிண்டர்தான், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் வெடிக்கும். 900 சுற்றிலேயே வினாடிக்கு 240. ஆல்கோ மூச்சு வாங்கித் தடதடப்பதும், மற்றது ஒரே ஸ்ருதியில் ரீங்காரமிடுவதும் ஏன் என்பதற்குப் பெரும்பகுதி விடை இந்தக் கணக்கில் இருக்கிறது.

இப்போது இந்த 53 அதிர்வை இருபது செ.மீ. பொம்மையிலிருந்து எப்படி வரவழைப்பது? உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் செல்போனிலிருந்து வந்த ஜாதி, சர்க்கரைக் கட்டி அளவு. சில நூறு அதிர்வுகளுக்குக் கீழே அதனால் பலமாக ஒலிக்க முடியாது. ஆனாலும் நம் காது கேட்கிறது. அடிப்படை ஸ்வரம் இல்லாவிட்டாலும் அதன் மேல் ஸ்வரங்கள் ஒழுங்காக வந்தால் மூளை கீழே உள்ளதைத் தானே நிரப்பிக்கொள்ளும். சின்ன டிரான்ஸிஸ்டரில் ரேடியோ சங்கீத சம்மேளனம் கேட்டோமே, மிருதங்கத்தின் தொப்பி அதில் நிஜமாக வந்ததா என்ன? ஸ்பீக்கரைச் சின்னப் பெட்டிக்குள் காற்றுப் போகாமல் அடைத்து வைப்பது முக்கியம். இல்லாவிட்டால் முன்பக்க அலையும் பின்பக்க அலையும் ஒன்றை ஒன்று அழித்துவிடும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இதை வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் சத்தத்தைக் கூட்டி வைத்து வீட்டில் சண்டை இழுத்துக்கொள்கிறார்கள். ஒரு மீட்டர் தள்ளி நின்று ஹெச்.ஓ. இஞ்சினைப் பார்ப்பது நிஜ இஞ்சினை 87 மீட்டர் தள்ளிப் பார்ப்பதற்குச் சமம். அந்தத் தூரத்தில் கேட்கிற அளவு கேட்டால் போதும்.

சிப்பில் இருக்கும் சத்தம் நிஜ இஞ்சினில் பதிவு செய்தது. ஆனால் எந்த ஊர் இஞ்சின்? கடையில் கிடைக்கும் ஆல்கோ சத்தம் பெரும்பாலும் அமெரிக்கப் பதிவு. பொத்தானை அமுக்கினால் பல குழல் சேர்ந்த அவர்களுடைய ஹாரன் வருகிறது. இன்னொரு பொத்தானில் மணி அடிக்கிறது. நம் டீசல் இஞ்சினுக்கு மணி ஏது? தீபாராதனை மாதிரி இருக்கிறது.

எங்கள் குடியிருப்பில் ஓய்வுபெற்ற மெயில் டிரைவர் ஒருவர் இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். முப்பது வருஷத்துக்கு மேல் இஞ்சின் கேபினில் இருந்ததில் காது போய்விட்டது, மெஷின் வைத்திருக்கிறார். என் பொம்மைச் சத்தம் அதில் கரகரவென்றுதான் கேட்கிறது என்றார். அந்தப் பதிவை வீட்டிலுள்ள பெரிய ஸ்பீக்கரில் போட்டேன். அவர் காது மெஷினைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்பீக்கரின் மரப்பெட்டியில் உள்ளங்கையை வைத்தார். "சார், இது எட்டாவது நாட்ச்சுன்னு போட்டிருக்கா? இல்லை சார், ஏழு. லோடும் இல்லை, வெறுமனே நின்னுண்டு ரேஸ் பண்ணியிருக்கான்" என்றார். பதிவோடு வந்த குறிப்பை எடுத்துப் பார்த்தோம். ஷெட்டில் நின்ற இஞ்சின் என்றுதான் போட்டிருந்தது. நாட்ச் கூட்டியதும் டர்போ எழுந்து வர எவ்வளவு தாமதிக்கும், அதற்குள் எவ்வளவு கரும்புகை போகும் என்பதையெல்லாம் அன்று கையால் தாளம் போட்டுக் காட்டினார். சிப்பில் அந்தத் தாமதம் பாதிதான் இருந்தது.

அவர் போனபின் எனக்குத் தோன்றியது இதுதான். பிராட் கேஜ் மின்மயம் ஏறத்தாழ முடிந்துவிட்டது. வாராணசித் தொழிற்சாலையே 2020ல் பெயர் மாறி, இப்போது பிரதானமாக மின்சார இஞ்சின் செய்கிறது. டபிள்யூ.டி.எம்.2 கண்ணில் படுவது மியூசியத்தில்தான். அங்கே அது ஊமை. அதன் பிந்திய வாரிசுகள் சில இன்னும் ஓடுகின்றன, எத்தனை நாளைக்கோ தெரியாது. உருவத்தை வரைபடத்தை வைத்து எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். சத்தத்துக்கு வரைபடம் கிடையாது. அதைக் கேட்டு "இது ஏழு, எட்டு இல்லை" என்று சொல்லக்கூடியவர்கள் நம் தலைமுறையில்தான் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்குக் காதும் போய்க்கொண்டிருக்கிறது.

நம் சங்கத்தில் பல ஊர்களில் ரயில்வேயில் இருந்த குடும்பங்கள் உண்டு. பொன்மலை, ஈரோடு, கல்யாண், புனே, இடார்சி, காஜிபேட் ஷெட்டுகளில் வேலை பார்த்தவர்களோ அவர்கள் பிள்ளைகளோ இதைப் படிக்கலாம். பழைய காசெட்டோ வீடியோவோ இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். புதிதாகப் பதிவு செய்யக்கூடியவர்கள் முறைப்படி அனுமதி வாங்கிச் செய்யுங்கள். செல்போனில் சத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், சுருக்காத ஃபைலாக வையுங்கள். ஸ்டார்ட் செய்வது, ஐடில், ஒவ்வொரு நாட்ச்சிலும் அரை நிமிஷம், கடைசியில் அணைப்பது. லோட் பாக்ஸ் சோதனை நடக்கும்போது கிடைத்தால் அதுவே உத்தமம், பாரம் இழுக்கும் சத்தம் நின்ற இடத்திலேயே கிடைக்கும். எந்த நாட்ச் என்பதை வாயால் சொல்லிப் பதிவு செய்யுங்கள். தெரிந்த டிரைவர் பக்கத்தில் இருந்தால் அவரையே சொல்லச் சொல்லுங்கள்.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். ஒலியோடு வரும் நல்ல வெளிநாட்டு மாடல் 200, 300 டாலர், அதற்கு மேல் சுங்கம். இந்திய இஞ்சின் மாடல்களைச் சிலர் சிறு அளவில் செய்து தருகிறார்கள், காத்திருக்க வேண்டும். பென்ஷனில் ஒரு இஞ்சின், ஒரு வட்டப்பாதை என்று ஆரம்பிப்பதே புத்திசாலித்தனம். வாங்குமுன் பார்க்க விரும்புகிறவர்கள் புனே கோத்ரூடில் ஜோஷி மினியேச்சர் ரயில்வே மியூசியத்துக்குப் போய் வாருங்கள். ஹெச்.ஓ. அளவில் ஒரு ஊரையே அமைத்திருக்கிறார்கள். பேரக்குழந்தைகள் இல்லாமலும் போகலாம், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

இப்போது மேஜைக்குப் பக்கத்தில் வாருங்கள். மின்விசிறியை இரண்டு நிமிஷம் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். முகவரி மூன்று. முதலில் ஸ்டார்ட் ஆகும், அது முழுசாக எழுந்து ஐடிலுக்கு வரும்வரை யாரும் பேச வேண்டாம்.